நான் புகழ்ந்து கெடுத்த வீடு

அந்த அரசாணிக்காய்க்கு, அதாவது மஞ்சள் பூசணிக்கு, ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. வாய் இடது பக்கமாகவே போய், இடம் போதாமல் மேலே திரும்பியிருந்தது. வாயை வெட்டும்போது கத்தி வழுக்கியதால் நடுவில் ஒரே ஒரு பல்தான் தங்கியது. உள்ளே விளக்கு எரியும்போது அது சிரிக்கிறதா, வயிற்றுவலியில் துடிக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது நான் குடியிருக்கும் அடுக்கு மாடிக் குடியிருப்பில், ஐப்பசி பிறந்ததும் அதே முகத்தை பிளாஸ்டிக்கில் செய்து லிஃப்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். குழந்தைகள் எலும்புக்கூடு போட்ட சட்டையில் வந்து மிட்டாய் கேட்கிறார்கள். "இது நம்ம ஊருக்குப் புது வழக்கமுங்கம்மா, அமெரிக்காவுல எல்லாம் ரொம்ப விசேஷம்" என்று சங்கச் செயலாளர் எனக்கு விளக்கினார். நான் சிரித்துவிட்டேன். அவருக்கு வருத்தம். புது வழக்கமாம்! கோவைக்குக் கிழக்கே ஒரு பஞ்சாலையின் லைன் வீட்டில், ஐம்பதுகளிலேயே, கையில் காலணா இல்லாமல் இதையெல்லாம் செய்து முடித்த ஒரு மகராசி என் பக்கத்து வீட்டில் இருந்தாள். அவளை அப்படிச் செய்ய வைத்ததில் பாதிப் பங்கு என்னுடையது என்பதைத்தான் இத்தனை நாளும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான் உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மில்லில் நூல் சுற்றும் பகுதியில் இருந்தார். லைன் என்றால் ஓடு வேய்ந்த பன்னிரண்டு வீடுகள் ஒரே வரிசையில், ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் பன்னிரண்டு வீட்டிலும் தும்மல் வரும். பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தெருக்கோடியில் ஒரே ஒரு குழாய். அதில் தண்ணீர் எப்போது வரும் என்பது சிறுவாணிக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். ஆனால் கடைசி வீடு, மூலை வீடு, ஒரு காலத்தில் மேஸ்திரிக்காகக் கட்டியது. அதற்குள் சமையல்கட்டிலேயே தனிக் குழாய் இருந்தது. அந்த மேஸ்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போனதும் வீடு காலியானது. அன்றிலிருந்து பதினொரு வீட்டுப் பெண்களுக்கும் தூக்கம் போனது.

வீட்டை யாருக்குக் கொடுத்தாலும் தொழிற்சங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மில் நிர்வாகத்துக்குப் பயம். லேபர் ஆபீசர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஆயுத பூஜை அன்று எந்த வீடு மிக நன்றாக அலங்கரித்திருக்கிறதோ, அந்தக் குடும்பத்துக்கே மூலை வீடு. முந்தின வருஷம் பூஜை அலங்காரத்துக்கென்று ஆளாளுக்கு முன்பணம் கேட்டு ஆபீசைப் படுத்திவிட்டார்கள். அதனால் ஒரு நிபந்தனை: கடையில் வாங்கிய பொருள் ஒன்றுகூட அலங்காரத்தில் இருக்கக் கூடாது. நம்மவர் யார் நடுவராக இருந்தாலும் மாமன் மச்சான் என்று பேச்சு வரும். ஆகவே நடுவர், மில்லின் பெரிய மாஸ்டராக இருந்த வெள்ளைக்காரரின் சம்சாரம். லைனில் எல்லோரும் அவரை துரைசானி அம்மா என்போம். அவருக்கு இங்கே சொந்தமும் இல்லை, பகையும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். தொண்டாமுத்தூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். முப்பது வயதிருக்கும். மூன்று பிள்ளைகள். முந்தின வருஷம் பொதுக் குழாயடியில் பாசி வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. வைத்தியர் கட்டிய கட்டு சரியாகச் சேரவில்லை. அன்று முதல் அந்தக் கையால் ஒரு செம்பைக்கூடத் தூக்க முடியாது. எல்லாக் குடமும் வலது இடுப்பில்தான். ஒரு நாளைக்குப் பத்து நடை. குடத்தை இறக்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வாள். அவளுக்கு அந்தக் குழாய் வேண்டியிருந்தது. எனக்கு எதற்கு வேண்டியிருந்தது? உடுமலையிலிருந்து வரும் என் நாத்தனாரிடம் "எங்களுக்கு ஊட்டுக்குள்ளயே பைப்புங்க" என்று சொல்வதற்கு. இதை இன்று எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்று துளியும் இருக்கவில்லை.

நான் என் வீட்டைச் சுத்தமாக அலங்கரித்தேன். மில்லில் மீந்த சுண்ணாம்பை அடித்தேன், வாசலுக்குச் செம்மண் பூசினேன், நூல் சுற்றி முடிந்த காகிதக் கூம்புகளை வரிசையாகக் கட்டித் தோரணம் விட்டேன். முடித்துவிட்டு, அக்கா என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். சோளத்தட்டைச் சீவிப் பின்னி நிலைக்கு இரண்டு பக்கமும் தூண் போல நிறுத்தியிருந்தாள். அதன் தலையில் கம்பங்கதிர்க் கொத்து. மேலே கழிவுப் பஞ்சைத் திரித்து, முல்லைச் சரம் போலவே, வாசல் முழுக்கத் தொங்கவிட்டிருந்தாள். பாக்கு மட்டையில் மயில் செய்திருந்தாள். ஒரு கை சரியில்லாதவள் இத்தனையும் செய்திருந்தாள். என் காகிதக் கூம்புகள் அதன் முன்னால் ரேஷன் கடைக் கியூ மாதிரி நின்றன.

என் வாய் என்னையறியாமல், உண்மையாகவே, சொல்லிவிட்டது: "ஏனுங்கக்கா, ஊடு அப்படியே தேராட்ட இருக்குதுங்க! கண்ணெடுக்க முடியலீங்க!"

அக்காவின் முகம் வெளிறிப்போனது. "ஏஞ்சாமி, இப்பிடிப் பச்சையாச் சொல்லிப்போட்டயே! துப்பு, மூணு வாட்டி துப்பிப்போட்டுப் போ அம்மணி" என்றாள். துப்பினேன். அதோடு அவள் விடவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், மயிலுக்குப் பக்கத்தில் கரி பூசிய ஓட்டைச் சட்டி ஒன்று, முழுக்கச் சுண்ணாம்புப் புள்ளியோடு, கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. என் கண் பட்டதற்குப் பரிகாரம். மயில் இப்போது அடுப்படியில் மாட்டிக்கொண்ட கோழி போலத் தெரிந்தது.

எனக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. அந்தப் புத்தி நல்ல வழிக்குப் போயிருக்கலாம், போகவில்லை. அன்று மாலை வேண்டுமென்றே போனேன். "அந்தத் தூணு இருக்குது பாருங்கக்கா, அரமணைல கூட இப்பிடி இருக்காதுங்க" என்றேன். மறுநாள் தூணில் ஒரு கற்றாழை, வேர் மேலேயும் தலை கீழேயுமாகத் தொங்கியது. அடுத்த நாள் பஞ்சுச் சரத்தைப் புகழ்ந்தேன். பிய்ந்த செருப்பு ஒன்று வந்து சேர்ந்தது. கம்பங்கதிரைப் புகழ்ந்தேன். காக்காய் இறகுக் கொத்து வந்தது. நம் பக்கத்தில் ஒருவரைக் கெடுக்க வேண்டும் என்றால் திட்ட வேண்டியதில்லை, மரியாதையாக நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும். நான் அதைத்தான் ஒரு வாரம், காலையும் மாலையும், ங்க போட்டுச் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள், "என்னுமோ அந்தக்கா ஊட்டுக்கே குடி போயிட்டயாட்ட இருக்குது. அத்தன பாசமா?" என்று கேட்டார். "பாவமுங்க, கையி முடியாதவங்க" என்றேன். அவர் நம்பிவிட்டார்.

ஒரு நாள் கொஞ்சம் தாராளமாகவே போய், "ஊர்க் கண்ணு பூரா உங்க ஊட்டு மேலதானுங்க" என்று சொல்லிவைத்தேன். அன்று அக்கா வைக்கோலில் ஓர் ஆள் செய்து, தன் வீட்டுக்காரருடைய கிழிந்த காக்கி நிஜாரை மாட்டி, தலைக்குச் சட்டி கவிழ்த்து வாசலில் உட்கார வைத்தாள். அவருக்கு மூன்றாம் ஷிஃப்ட். விடிகிற நேரத்தில் கண் எரிய வந்தவர், வாசலில் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க, ஆருங்க வேணும்? ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டாராம். பதில் வரவில்லை. பெரிய இடத்து ஆளாக இருக்கும் என்று அவரும் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்துவிட்டார். நிஜார் தன்னுடையது என்று தெரிய வெளிச்சம் வர வேண்டியிருந்தது.

பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்காவின் தம்பி தொண்டாமுத்தூரிலிருந்து வண்டியில் அரசாணிக்காய் கொண்டுவந்தான். மலையிலிருந்து யானை இறங்கி வெள்ளாமைக் காட்டை மிதித்துவிட்டுப் போயிருந்தது. நசுங்கியது, கீறியது, சந்தைக்கு ஆகாதது எல்லாம் அக்காவுக்கு. லைனில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். எனக்குக் கொடுத்தது மட்டும் கீறல் இல்லாத காய். நான் வாங்கிக்கொண்டு, வெட்கமில்லாமல், "பகல்ல எல்லாம் பாத்தாச்சுங்கக்கா. சாயங்காலம் வெளக்கு வெச்சா இந்த ஊடு இன்னும் எச்சா சொலிக்குமுங்க" என்றேன். அவள் சதை எடுத்துப் பொரியலுக்கு வைத்துவிட்டு, மீந்த வெறும் தோல்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"கண்ணு போடறவங்க பொழுது சாஞ்சும் வருவாங்கல்ல அம்மணி. கரிச்சட்டி இருட்டுல எங்க தெரியும்? இதுக்கு மூஞ்சி வெட்டி உள்ள வெளக்க வெச்சா காத்துக்கும் அணையாது, தூரத்துல இருந்தும் தெரியும்."

"வெள்ளப் பூசணிலதானுங்க மூஞ்சி வெப்பாங்க?"

"கண்ணுக்கென்ன தெரியும், வெள்ளையா மஞ்சளான்னு!"

அப்படித்தான் அந்த ஒற்றைப் பல் முகம் பிறந்தது. அதற்குத் துணையாக இன்னும் நான்கு முகங்கள். அன்று இரவு பெய்த மழையில் பஞ்சுச் சரமெல்லாம் நனைந்து, விளக்குப் புகை ஏறி, ஒட்டடை போலத் தொங்கத் தொடங்கியது. தோரணத்தில் குருவி உட்காரப் பயந்தது. பால்காரர் எங்கள் வீட்டு வாசலிலேயே அக்காவின் பாலையும் வைத்துவிட்டுப் போனார். அக்கா மட்டும் நிம்மதியாக இருந்தாள். "இனி ஆரு கண்ணும் தொளச்சிட்டு உள்ள போவாது" என்றாள். மூலை வீடு எனக்குத்தான் என்று நான் குடங்களைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன்.

ஆயுத பூஜை அன்று மில்லுக்குள் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பூஜை முடிய நேரமாகிவிட்டது. துரைசானி அம்மா லைனுக்கு வரும்போது விளக்கு வைக்கும் வேளை. கையில் குடை, நெற்றியில் யாரோ வைத்துவிட்ட பெரிய சந்தனப் பொட்டு. கூடவே லேபர் ஆபீசர், மொழிபெயர்க்க. என் வீட்டு வாசலில் நின்றார், செம்மண்ணைப் பார்த்தார், கூம்புகளைப் பார்த்தார், "நைஸ்" என்றார். ஆபீசர் அதை, "ரொம்ப ரொம்ப அருமையா இருக்குதுன்னு சொல்றாங்க" என்று நீட்டிக்கொடுத்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். குடை கையிலிருந்து சரிந்தது. பயந்துவிட்டார் என்று நான் நினைத்தேன், சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை போல, குதித்தார். வைக்கோல் ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒட்டடைப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். ஒற்றைப் பல் அரசாணிக்காயின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இங்கிலீஷில் என்னென்னவோ அதனிடமே பேசினார். ஆபீசருக்கு வியர்த்துவிட்டது.

"அவங்க ஊர்ல இந்த மாசத்துல பேய்க்குன்னு ஒரு நோம்பி இருக்குதாமுங்க. சின்னதுல அவங்க அம்மா ஊட்டுல இதே மாதிரி காயில மூஞ்சி வெட்டி வெப்பாங்களாம். இங்க வந்து நாலு வருசமாப் பாக்கவே இல்லையாம். நீங்க எப்பிடித் தெரிஞ்சு வெச்சீங்கன்னு கேக்கறாங்க."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேய்க்கு நோம்பியா? ஏனுங்க, நானு பேயக் கூப்புடலீங்க! கண்ணு படக் கூடாதுன்னு வெச்சதுங்க. அவங்கள இந்த மயிலப் பாக்கச் சொல்லுங்க, இந்தத் தூணப் பாக்கச் சொல்லுங்க!" என்று கரிச்சட்டியை ஒரு கையால் விலக்கி விலக்கிக் காட்டினாள். அந்த அம்மா மயிலையும் பார்த்துத் தலையாட்டினார். மனசு என்னவோ அரசாணிக்காயிலேயே இருந்தது. பிறகு ஆபீசர் காதில் ஏதோ சொன்னார். ஆபீசர் முகம் மலர்ந்தது.

"உங்களுக்கு அதிர்ஷ்டமுங்க. இந்தக் காயத் தன்னோட பங்களாவுக்குக் கொண்டுபோகட்டான்னு கேக்கறாங்க. எடுத்துக் குடுத்துருங்க."

"முடியாதுங்க" என்றாள் அக்கா.

பதினொரு வீட்டு ஜனமும் அங்கேதான் நின்றது. ஆபீசர் குரலைத் தாழ்த்தி, "வீடு வேணுமா வேண்டாமா உங்களுக்கு?" என்று கேட்டார். அக்கா தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"ஊடு வேணுமுங்க. ஆனா ரெண்டு நாளா இந்த லைனு கண்ணு பூராத்தையும் இந்தக் காயிதான் வாங்கிட்டு நிக்குது. கண்ணு வாங்குன காயி இன்னொரு ஊட்டு வாசப்படி ஏறக் கூடாதுங்க. அவங்களும் கடல் தாண்டி வந்து தனியாக் கெடக்கறவங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாந்தானுங்க பாவத்தச் சொமக்கணும்."

ஆபீசர் இதை மொழிபெயர்க்கும் முன்பே அக்கா அரசாணிக்காய்க்குள்ளிருந்த விளக்கை எடுத்துவிட்டாள். மேலே சூடம் வைத்துப் பற்ற வைத்தாள். "அவங்களக் கெழக்க பாத்து நிக்கச் சொல்லுங்க" என்றாள். வெள்ளைக்கார அம்மா ஒன்றும் புரியாமல் நின்றார். சரியான கையால் தாங்கி, சரியில்லாத கையை அண்டக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்கு வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்றுச் சுற்றினாள். "ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணு, கண்டவங்க கண்ணு, அல்லாம் போகட்டும்" என்றாள். பிறகு முச்சந்திக்கு நடந்து, அந்த ஒற்றைப் பல் முகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு உடைத்தாள். ஒரு துண்டு ஆபீசரின் வெள்ளைக் கால்சட்டையில் பட்டது.

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். நடுவர் ஆசைப்பட்டுக் கேட்ட பொருளை நடுத்தெருவில் உடைத்தவளுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? ஆபீசர் திக்கித் திக்கி என்ன நடந்தது என்பதை விளக்கினார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். அவர் சொன்னதை எங்களுக்குச் சொன்னபோது ஆபீசர் குரலும் சரியாக இல்லை.

"நாலு வருசமா எல்லாரும் எனக்குச் சலாம் போடறாங்க, எனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்தது இந்த அம்மா மட்டுந்தான்னு சொல்றாங்க."

வீடு யாருக்கு என்று அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. சங்கத்துக்காரர்கள்கூடக் கேட்கவில்லை. அக்காவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. மயிலுக்குக் கிடைக்க வேண்டிய பேர் கரிச்சட்டிக்குப் போய்விட்டதே என்று மூன்று நாள் புலம்பினாள். நான் மூன்று நாளும் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். பொறாமைதான். அதற்கடியில் வேறு ஒன்றும் இருந்தது. கீறல் இல்லாத அந்த அரசாணிக்காய் சமையல்கட்டில் முழுசாக உட்கார்ந்திருந்தது. எனக்கு அதை வெட்ட மனம் வரவில்லை.

அக்கா நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி மூலை வீட்டுக்குக் குடிபோனாள். மறுநாள் விடியற்காலையில் என் கதவைத் தட்டினாள். "அம்மணி, ரெண்டு கொடத்த எடுத்துக்கிட்டு வா, தண்ணி வந்திருச்சு" என்றாள். போனேன். சமையல்கட்டுச் சுவரில், இடுப்பு உயரத்தில், பித்தளைக் குழாய். அவள் குடம் ஒன்றும் அதனடியில் இல்லை.

"மொதக் கொடம் உனக்குத்தான் கண்ணு. நானு இன்னும் பிடிக்கல. அத்தன பேரும் வவுறு எரிஞ்சுட்டு ஒரு வார்த்த பேசாமத் திரிஞ்சாங்க. தெனமும் காலைலயும் சாயங்காலமும் வந்து நல்ல வார்த்த சொன்னது நீ ஒருத்திதான். இனி நீ பொதுக் கொழாய்க்குப் போவக் கூடாது, ஆமா."

என் குடத்தை அவளே வாங்கிக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் தடிமனாக விழுந்தது. அவளுடைய கோணல் மணிக்கட்டு என் கண்ணுக்கு நேராக இருந்தது. சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும், குடம் நிறையட்டும், நிறைந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நின்றேன்.

குடம் நிறைந்தது. நான் அதை நகர்த்திவிட்டு இரண்டாவது குடத்தை வைத்தேன்.